நாற்பது கால் ஐசி

புரட்டாசி பாதி கழிந்தும் மழையைக் காணோம். எட்டயபுரம் ரோட்டுக்குக் கிழக்கே கரிசல் முழுக்க உழுது புழுதியாய்க் கிடந்தது. மேகத்தை நம்பிப் புழுதியிலேயே உளுந்தையும் மக்காச்சோளத்தையும் விதைத்துவிட்டவர்கள் சாயங்காலமானால் வரப்பில் நின்று கிழக்கே பார்த்தார்கள். காற்றுதான் வந்தது. அது கொண்டுவந்த கறுப்புத் தூசி கோவில்பட்டி புதுக்கிராமத்து வீடுகளில் சன்னல் கம்பியிலும், காயப்போட்ட வெள்ளைச் சட்டையிலும், மூடாமல் வைத்த குடத்துத் தண்ணீரிலும் படிந்தது.

மேரிராணி ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்த மேசையைத் துடைத்தாள். அவள் புருஷன் எபநேசருடைய மேசை அது. டிவி, ரேடியோ, ஆம்ப்ளிபயர் என்று எது கெட்டாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷம் பழுதுபார்த்த மனுஷன், வைகாசியில் இறந்துபோனார். மூளையில் கட்டி. கடையைக் காலி செய்தபோது மேசையை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அதன் மேல் இருந்ததை இருந்தபடியே வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வராததுமாக ரூபஸ் அங்கே உட்கார்ந்துவிட்டான். எபநேசரின் தம்பி. மெயின் ரோட்டில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன். போன வாரம்தான், பிரிக்காமல் கிடந்த ஒரு பார்சலை மேசைக்கடியில் கண்டுபிடித்து, "இதை ஏன் மதினி இன்னும் ஒடைக்கல?" என்று கேட்டான்.

"அது சித்திரையில வந்தது. அவிய மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தாவ. அப்ப யாருக்குப் பிரிக்கத் தோணும்?"

பிரித்தால் உள்ளே ஐந்து சர்க்யூட் போர்டுகள். பச்சை நிறம், உள்ளங்கையை இரண்டு மடங்காக விரித்த அளவு. வீட்டில் உட்கார்ந்து எபநேசர் கம்ப்யூட்டரில் வரைந்து, வெளியூரில் செய்யக்கொடுத்த போர்டுகள். குறைந்தது ஐந்து செய்தால்தான் செய்வார்களாம்.

அவர் செய்ய நினைத்தது ஒரு சிந்தசைஸர். மேரிராணி அதைச் சத்தப் பெட்டி என்பாள். எட்டுப் பொத்தான், ஆறு குமிழ், நடுவில் நாற்பது கால் வைத்த ஒரு பழைய ஐசி. தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சபியுல்லா பாய் வீடியோ கேம் கடை நடத்தினார். அந்த மெஷின்கள் ஓய்ந்தபின் அவற்றின் வயிற்றிலிருந்து எபநேசர் பிடுங்கி வைத்த ஐசிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றையும் சோதித்து, ஒன்பதின் முதுகில் வெள்ளைப் பெயின்டால் குறுக்குக் கோடு போட்டிருந்தார். இரண்டில் மட்டும் டிக். "இதுக்குள்ள மூணு பேரு பாடுதான் ராணி, நாலாவது ஆளு சும்மா ஸ்ஸ்ஸுன்னு சீறுதான். இதை இப்ப யாரும் செய்யுததில்ல. செத்தா செத்ததுதான்" என்பார்.

ரூபஸ் ஒரு வாரம் சாயங்காலங்களில் வந்து ஒரு போர்டுக்கு எல்லாம் வைத்து ஈயம் பற்றவைத்திருந்தான். ஐசியை மட்டும் நேரே பற்றவைக்காமல், செருகிக் கழற்றத் தோதாக பேஸ் வைத்திருந்தான். டிக் போட்ட இரண்டில் ஒன்றை எடுத்து, அதன் தலையில் இருந்த குழியை போர்டில் வரைந்திருந்த குழிக்கு நேராக வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான்.

"மதினி, வாங்க. அண்ணன் பெட்டி பாடப்போவுது."

மேரிராணி கறிக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள். ரூபஸ் அடாப்டரைச் செருகிப் பொத்தானை அமுக்கினான். சத்தம் வரவில்லை. இன்னொன்றை அமுக்கினான். ஐசியின் முதுகில் விரலை வைத்தவன் "ஆத்தே!" என்று கையை உதறினான். அடாப்டரைப் பிடுங்குவதற்குள் கருகிய வாசனை வந்துவிட்டது.

"கொதிக்குது மதினி. போச்சு."

"ஏலே, நீ ஏதும் மாத்தி வச்சிட்டியா?"

"நான் எங்க மாத்துனேன்? போர்டுல எழுதியிருக்கத அப்படியே வச்சேன்." மீட்டரை எடுத்து இரண்டு முனையில் குத்திப் பார்த்தான். ஐசியின் எந்தக் காலுக்கு என்ன வேலை என்று அச்சடித்த கம்பெனிக்காரன் தாளை எடுத்துப் பார்த்தான். திரும்பவும் குத்திப் பார்த்தான். "அண்ணன் வரைஞ்சதே தப்பு. கரண்டு வரவேண்டிய கால்ல எர்த்து வருது. எர்த்து வரவேண்டிய கால்ல கரண்டு வருது. ஐசி என்ன செய்யும் பாவம்."

"அவியளா? தப்பா வரைஞ்சாவளா?"

"இதை வரைஞ்சது தை மாசத்துலல்லா? அப்பவே அண்ணனுக்கு உள்ள ஆரம்பிச்சிருக்கும் போல மதினி. விடுங்க. அண்ணன் மேல குத்தமில்ல."

ஆறுதலாகத்தான் சொன்னான். மேரிராணி அடுக்களைக்குப் போய் இறக்கி வைத்த குழம்பைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, அது கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதுரை டாக்டர் பங்குனியில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். "எப்ப இருந்து இப்படித் தடுமாறுறாரு?" "மாசி ரெண்டாவது வாரத்துலேருந்து" என்றாள். அந்த வாரம்தான் எபநேசர் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அடுத்த நாள் செருப்பை மாற்றிப் போட்டார். அப்புறம் ஒரு நாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவி எங்கே என்று தேடினார். "அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையா? நல்லா யோசிங்கம்மா. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் தொடங்கியபோது அவருடைய போன் அடித்தது. மிச்சத்தை அவர் சொல்லவே இல்லை. அந்த மிச்சத்தை மேரிராணி ஆறு மாதமாகத் தனக்குத்தானே விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு மறுநாள் தொடங்கித் தை கடைசியில் முடித்த படம் அது. அந்த ஒரு மாதமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டரில் லேபிள் வரைகிறவள் அவள். போர்டு வரைகிற முறை அவளுக்குப் பாதி தெரிந்த விஷயமாகவே இருந்தது. மேல் முகத்துக் கோடுகள் சிவப்பில், அடி முகத்துக் கோடுகள் நீலத்தில். "இது நம்ம நாலு கலர் லேபிள் மாதிரில்லா இருக்கு! கோட்டை ஏன் சட்டுனு ஒடிக்கீங்க? சாய்ச்சுத் திருப்புங்க, பாக்க லெச்சணமா இருக்கும்" என்று அவள் சொல்ல, "ஏட்டி, இது லேபிளா? கரண்டுக்கு லெச்சணம் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே சாய்த்துத் திருப்பினார். அந்த மனுஷனுக்கு அப்போதே புத்தி தடுமாறியிருந்தால், பக்கத்திலேயே உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டு அவள் என்ன பார்த்துக்கொண்டிருந்தாள்?

மறுநாள் அச்சகத்துக்குப் போகும்போது ஒரு வெற்றுப் போர்டையும் கம்பெனிக்காரன் தாளையும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எலக்ட்ரானிக்ஸ் அவளுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு தாளை வைத்து எது எங்கே பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. போர்டில் ஒவ்வொரு கால் துளைக்குப் பக்கத்திலும் அந்தக் காலின் பெயரைப் பொடி எழுத்தில் எபநேசர் வெள்ளையாகப் போட்டிருந்தார். இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. கம்பெனிக்காரன் தாளிலும் அதே நாற்பது பெயர் இரண்டு வரிசையாக இருந்தது. பென்சிலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். முதல் பெயர் சேரவில்லை. இரண்டாவது சேரவில்லை. பத்து வரைக்கும் போயும் ஒன்றுகூடச் சேரவில்லை.

பிளேட் பிரிவில் வேலை பார்க்கும் செல்வமாரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, புது பிராண்டா? படத்தையே காணும், வெறும் கோடா இருக்கு?"

"ஆமாட்டி. சர்க்கூட்டு மார்க் தீப்பெட்டி. ஒரசினா ஷாக் அடிக்கும்."

"நல்லாத்தான் ஓடும் போங்க, எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு பண்டல் எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மூலையில் கண்ணாடி மேசை ஒன்று கிடந்தது. அடியில் டியூப்லைட் எரியும் மேசை. லேபிள் படத்தை பிலிமில் எடுத்த காலத்தில் அதன் மேல் பரப்பித்தான் சரிபார்ப்பார்கள். பிலிமில் பெரிய ஆபத்து, முகம் மாற்றி வைத்துவிடுவது. ஒரு தடவை புலிப்பட லேபிள் இரண்டு லட்சத்திலும் வலப்பக்கம் பார்க்க வேண்டிய புலி இடப்பக்கம் பார்க்க, எழுத்தெல்லாம் இடவலம் மாறிப்போய், முதலாளி மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. அதிலிருந்து எதைக் கையில் எடுத்தாலும் திருப்பி ஒரு தடவை பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

இப்போதும் கை தானாகத்தான் போனது. தாளைக் குப்புறக் கண்ணாடி மேல் போட்டு விளக்கைப் போட்டாள். எழுத்துகள் தாளின் முதுகு வழியாகத் திரும்பித் தெரிந்தன. இடது வரிசை வலதாகவும் வலது இடதாகவும் மாறின. பக்கத்தில் போர்டை வைத்துப் பென்சிலை நகர்த்தினாள். முதல் பெயர் சேர்ந்தது. இரண்டாவது சேர்ந்தது. நாற்பதும் சேர்ந்தது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. திருப்பிப் போட்ட சட்டை. மாற்றிப் போட்ட செருப்பு. இப்போது திருப்பி வரைந்த ஐசி.

சாயங்காலம் ரூபஸ் வந்தபோது சொன்னாள். அவனுக்கும் அதேதான் தோன்றியது. "நான் சொல்லல? சட்டையத் திருப்பிப் போட்ட மாதிரித்தான மதினி இதும்."

மேரிராணி அவனுக்குச் சீனிச்சேவும் கருப்பட்டிக் காப்பியும் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் சேவை அள்ளும்போது கேட்டாள்.

"ஏன் ரூபசு, சட்டையை அவிய தெனமுமா திருப்பிப் போட்டாவ?"

"இல்ல. ஒரு நா சரியாப் போடுவான், ஒரு நா மாத்திப் போடுவான்."

"செருப்பு?"

"அதும் அப்படித்தான்."

"அப்படித் தடுமாறுத ஆளு நாப்பது காலையும் ஒண்ணு விடாமத் திருப்புவாவளா? ஒரு கால்கூடவா வழி தவறி சரியான எடத்துல விழல?"

ரூபஸ் சேவை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"நாப்பதும் திரும்பியிருந்தா அது தடுமாட்டம் இல்லடா. அதுக்கு ஏதோ காரணம் இருக்கு. இதுக்கு முன்ன அவிய கையால வரைஞ்ச படம் ஒண்ணு பாக்கணும். நல்லா இருந்தப்ப வரைஞ்சது."

"நோட்டெல்லாம் கடையில இருந்துச்சே?"

"கடையக் காலி பண்ணும்போது கரையான் அரிச்சுக் கெடந்துச்சுன்னு நானேதான் பழைய பேப்பர்க்காரன்ட்ட தூக்கிப் போட்டேன்" என்றாள் மேரிராணி. "கேம் கடை பாய்ட்ட ஏதும் இருக்குமா?"

சபியுல்லா பாய் இப்போது விளாத்திகுளத்தில் மிளகாய் வற்றல் வியாபாரம். போன் போட்டால், "கடைசி மெஷின் ஒண்ணு குடோன்ல கெடக்கு தாயி. அதுல அவன் எழுதி ஒட்டுனது ஏதும் இருக்கான்னு வந்து பாரு" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. ரூபஸின் பைக்கில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். எட்டயபுரம் தாண்டியதும் அத்தனை நாள் வராத மழை வந்தது. பெரிய மழை இல்லை. கரிசலை நனைக்கப் போதுமான மழை. வண்டியை ரோட்டை விட்டு ஒரு மரத்தடிக்கு இறக்கினான் ரூபஸ். அதுதான் அவன் செய்த தப்பு. மழை வெறித்து வண்டியைத் தள்ளினால் பத்தடியில் சக்கரமும் மட்கார்டும் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன. கறுப்புக் களி. குச்சியை எடுத்துச் சுரண்டச் சுரண்ட மேலும் களி அப்பியது. மேரிராணியின் செருப்பு இரண்டும் ஒவ்வொரு கிலோ கனத்தன.

உழவுக்காட்டு ஓரமாகப் போன ஒரு பெரியவர் சிரித்தார். "பத்து நாளா இந்த மழைக்குத்தான் தவங்கெடக்கோம். நீங்க என்ன, எங்க மண்ணை அள்ளிக்கிட்டுப் போறீங்க?"

"வேணும்னா திருப்பித் தந்துட்டுப் போறோம் அண்ணாச்சி. ஒரு கை பிடிங்க" என்றான் ரூபஸ்.

விளாத்திகுளம் போய்ச் சேரும்போது பதினொரு மணி. சபியுல்லா பாய் குடோன் வாசலில் ஈரம் படாமல் சாக்கு இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது, வற்றல் நெடி ஏறிச் சிவந்த கண்.

"வா தாயி. மூக்கைப் பொத்திக்க. உள்ள நொழைஞ்சா முதல்ல தும்மல்தான்."

தும்மிக்கொண்டேதான் நுழைந்தார்கள். மூட்டைகளுக்குப் பின்னால், ஆளுயரத்தில், சாயம் போன விண்கலப் படத்தோடு அந்த மெஷின் நின்றது. பாய் அதன் பின்கதவைத் திறக்கப் பார்த்தார், துருப்பிடித்திருந்தது. ரூபஸ் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினான்.

"இது அடிக்கடி ஊமையாயிரும்" என்றார் பாய். "பயலுவ காசு போட்டுட்டு, சத்தம் வரல, காசைக் குடுன்னு நிப்பானுவ. எபநேசருக்கு ஆள் விடுவேன். வந்ததும் போர்டைக் கழட்டிக் கவுத்துப் போட்டுருவான். மல்லாத்தி ஒரு நாளும் பாத்ததில்ல. ஏன்டா, ஐசி மொகத்தைப் பாத்துப் பேசேன்டான்னு கேட்டா, 'மொகத்துல என்ன பாய் இருக்கு, சங்கதியெல்லாம் காலுலதான் இருக்கு'ம்பான். டிவியானாலும் அப்படித்தான், ரேடியோவானாலும் அப்படித்தான். அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் அடிவயிறுதான்."

கதவு திறந்தது. உள்பக்கப் பலகையில் பழுப்பேறிய ஒரு தாள் பசை போட்டு ஒட்டியிருந்தது. நீல மையில் எபநேசரின் கையெழுத்து. கீழே தேதி: 12-8-97. நடுவில் நீளமான ஒரு செவ்வகம், தலையில் குழி, இரண்டு பக்கமும் இருபது இருபது கோடு, சில கோடுகளுக்குப் பக்கத்தில் பெயர்.

மேரிராணி பையிலிருந்து போர்டை எடுத்தாள். பாய் செல்போன் விளக்கை அடித்துப் பிடித்தார். ஒன்றாம் எண். போர்டில் எந்தப் பக்கமோ தாளிலும் அந்தப் பக்கம். அஞ்சு வோல்ட். அதே பக்கம். எர்த்து. அதே பக்கம். பெயர் எழுதியிருந்த பதினான்கு கோடும் போர்டோடு பொருந்தின. கம்பெனிக்காரன் தாளோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"இதுவும் திரும்பித்தான் இருக்கு" என்றான் ரூபஸ். "ஆனா இதை வச்சு அண்ணன் மெஷினை ஓட்டியிருக்கானே?"

"கவுத்துப் போட்டுப் பாத்தா இதுதானேடா சரி?" என்றாள் மேரிராணி. போர்டைக் கவிழ்த்துப் பிடித்து அடிப்பக்கத்தைக் காட்டினாள். "மேலேருந்து பாத்தா ஒண்ணாவது கால் இந்தப் பக்கம். அடியிலேருந்து பாத்தா அந்தப் பக்கம். இருபத்தெட்டு வருசமா அடியிலேருந்து பாத்த கண்ணு. மீட்டர் குத்துத வரைக்கும் அதுல தப்பே வராது. புதுசா ஒரு போர்டை மேலேருந்து வரையுதது அவியளுக்கு இதுதான் முதல் தடவை. பாத்து மனப்பாடமா இருந்ததை அப்படியே போட்டுட்டாவ."

பாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "கெட்டிக்காரப் பய. சொந்தமா ஒண்ணு செய்யும்போதும் கவுந்துதான் படுத்திருக்கான்."

"ஏன் ரூபசு," என்றாள் மேரிராணி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "தொண்ணூத்தேழுல உங்க அண்ணனுக்கு மூளையில கட்டி இருந்துச்சா?"

ரூபஸ் தும்மினான். தும்மலுக்கு நடுவே, "இல்ல மதினி" என்றான்.

பாய் தாளைப் பிய்த்துத் தரவா என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றுவிட்டாள். அவர் வீட்டில் பருப்புக் குழம்பும் நெத்திலிக் கருவாடும் வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். பாயின் மகள் அல்ஃபியா, "மாமிக்குக் கண்ணெல்லாம் செவந்துபோச்சு, வத்தல் நெடி" என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மேரிராணி வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் எட்டயபுரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். பாதி டீயில் அவள் கேட்டாள்.

"அந்த ஐசியை அடியில போட்டா என்ன?"

"எதை?"

"பேஸை மேல வைக்காத. போர்டைக் கவுத்து அடிப்பக்கத்துல வையி. அடியிலேருந்து பாத்துத்தானே வரைஞ்சிருக்காவ. அங்கன வச்சா நாப்பது காலும் அது அது எடத்துல விழும்லா?"

ரூபஸ் சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்து, மறு கை விரல்களை மேலே ஊன்றினான். கையைக் கவிழ்த்து அடியிலிருந்து ஊன்றினான். இரண்டு மூன்று தடவை செய்தான். டீக்கடைக்காரர் அவனையே பார்த்தார்.

"விழும்" என்றான். "சரியா விழும் மதினி. ஆனா எதுக்கு? சங்கதிதான் தெரிஞ்சுபோச்சுல்லா. டிக் போட்டது இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதையும் எரிச்சுட்டா என்ன செய்ய? அது பாட்டுக்கு டப்பாவுல கெடக்கட்டும்."

"எனக்கு இன்னும் பாதிதான் தெரிஞ்சிருக்கு. பேரைத் திருப்பி எழுதுனதுக்குக் காரணம் தெரிஞ்சிது. அந்தக் காலுலேருந்து போவுத கோடு? நூறு கோடு இருக்கும். எல்லாம் போகவேண்டிய எடத்துக்குத்தான் போவுதான்னு யாரு கண்டா? தடுமாறியிருந்தா அதுலதான் தெரியும்."

"எரிஞ்சிருச்சுன்னா?"

"எரிஞ்சா, நான் டாக்டர்ட்டச் சொன்னது தப்பு. தையிலேயே இருந்திருக்கு. நான் பாக்கல." சில்லறையைப் பலகையில் வைத்தாள். "எதுவானாலும் எனக்குத் தெரியணும்."

வீடு வந்து சேர மணி மூன்று. ரூபஸ் கைகால் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தான். முதல் போர்டிலிருந்து நாற்பது காலையும் கழற்றுவதை விட இரண்டாவது போர்டைப் புதிதாகக் கட்டுவது லேசு என்றான். கட்டி முடிக்க அந்த வாரம் முழுக்க ஆனது. மேரிராணி அச்சகத்திலிருந்து வந்ததும் அவனுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். ஈயம் எப்படி உருகி ஓடுகிறது, ஓடியது சரியாகப் பிடித்ததா என்று எதை வைத்துச் சொல்வது, மங்கலாக இருந்தால் ஏன் கெட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாலாம் நாள் அவளே பதினாறு கால்களைப் பற்றவைத்தாள். இரண்டு கால் சேர்ந்துவிட்டது. ரூபஸ் உறிஞ்சி எடுத்துவிட்டு, "பரவால்ல மதினி, நம்ம கடைக்கு வந்துருங்க, ஸ்கிரீன் ஒட்டலாம்" என்றான்.

"உன் கடையில வேற ஆளா இல்ல? எவனாவது கைலி கட்டுனவன் வந்து, 'அக்கா, டிஸ்பிளே போச்சு'ம்பான். எனக்கு அது வேண்டாம்."

பேஸ் அடிப்பக்கத்தில் ஏறியது. அதனால் போர்டு மேசையில் சமமாக உட்காராமல் ஆடியது. நான்கு மூலைக்கும் நான்கு காலித் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மதியம் ஐசி இல்லாமல் அடாப்டரைச் செருகி, வெறும் பேஸில் மீட்டரைக் குத்தினான் ரூபஸ். மேரிராணி கம்பெனிக்காரன் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வாசித்தாள். "ஒண்ணு." "எர்த்து, சரி." "நாப்பது." "அஞ்சு வோல்ட், சரி." அதற்கு மேல் மீட்டரால் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. கோடுகள் போய்ச் சேர்ந்த இடம் சரியா என்பதை ஐசிதான் சொல்ல வேண்டும்.

டிக் போட்ட அந்த ஒரு ஐசியை அவன் அவளிடம் நீட்டினான். "நீங்களே போடுங்க மதினி. எனக்குக் கை வரல."

போர்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பது காலும் நாற்பது துளைக்கு நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். ஒரு கால் லேசாக வளைந்திருந்தது, நகத்தால் நிமிர்த்தினாள். அழுத்தினாள். மெல்ல இறங்கி உட்கார்ந்தது. போர்டைத் திருப்பித் தீப்பெட்டிகளின் மேல் வைத்தபின் ரூபஸ் அடாப்டரைச் செருகினான்.

வாசனை வரவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. இரண்டு பேரும் மூக்கைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மேரிராணி முதல் பொத்தானை அமுக்கினாள். சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. கரகரப்பான, நேரான சத்தம். தகரத்தில் சீவியதுபோல ஓரம் கூர்மையாக இருந்தது. விரலை எடுத்ததும் நின்றது. இரண்டாவதை அமுக்கினாள். சற்று மேலே. மூன்றாவது, நாலாவது. எட்டுப் பொத்தானும் எட்டுப் படியாக ஏறின. ஒன்றுகூட இடம் மாறவில்லை, ஒன்றுகூட ஊமையாகவில்லை. மூன்றைச் சேர்த்து அமுக்கினாள். மூன்று பேர் ஒரே நேரத்தில் பாடினார்கள்.

ரூபஸ் குனிந்து மேசையோடு கன்னத்தை வைத்து, போர்டுக்கு அடியில் கையை விட்டு ஐசியைத் தொட்டான். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

"சுடல மதினி" என்றான். "வெதுவெதுப்பாத்தான் இருக்கு. நல்லா இருக்கு."

"எல்லாக் கோடும் சரிதானடா?"

"எல்லாம் சரி. ஒண்ணுகூடப் பிசகல."

மேரிராணி பொத்தான்களிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் எங்கோ தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. "மாசிதான்" என்றாள். "மாசி ரெண்டாவது வாரம். நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

அன்றைக்கு ஆறுதல் என்று நினைத்துத் தான் சொன்னது அவளை எங்கே குத்தியது என்று ரூபஸுக்கு இப்போதுதான் புரிந்தது. மீட்டர் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். சுருட்டியதை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போர்டைத் தன் பக்கம் இழுத்தாள். வரிசையாக ஆறு குமிழ்கள். ஐந்துக்குப் பக்கத்தில் எபநேசர் வெள்ளை எழுத்தில் பெயர் போட்டிருந்தார். கடைசிக் குமிழுக்கு ஒன்றும் எழுதவில்லை.

"ரூபசு, இதைத் திருப்புனா என்ன ஆவும்?"

அவன் எட்டிப் பார்த்தான். கோட்டை விரலால் தொடர்ந்து போய், ஐசிக்கு அடியில் அது மறைகிற இடத்தில் விட்டுவிட்டான்.

"தெரியலயே மதினி. அண்ணன் சொல்லவும் இல்ல, எழுதவும் இல்ல."

மேரிராணி ஒரு கையால் பொத்தானை அமுக்கிக்கொண்டு, மறு கையால் அந்தக் குமிழை மெதுவாகத் திருப்பினாள்.